பரட்டைத் தலை கேட்டவர்கள்

தாராவியில் மாதா கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். தோல் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வெளிநாட்டுக் கிறிஸ்தவர்கள் அனுப்பும் பால்பவுடரைக் காய்ச்சி ஊற்றுவது ரோசம்மாவின் வேலை. அவள் மகள் பிலோமினாவும் அங்கே இரண்டாம் வகுப்பு.

அறுபத்து நான்காம் வருஷம், மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கோயில் கமிட்டிக்காரர் மரியசூசை வந்தார்.

"ரோசம்மா, திங்கக்கிழம பால்பவுடர் அனுப்புத துரைமார் போட்டோ பிடிக்க வாராங்க. பிள்ளைகள சட்டை இல்லாம, பரட்டைத் தலையோட உக்கார வையி. பாத்தா பாவமா இருக்கணும். அப்பதான் அங்க உள்ளவுக மனசு எளகும்."

"அதுக படிக்க வருது அண்ணாச்சி. பிச்சைக்கா வருது?"

"நீ பாலக் காய்ச்சுததோட நிறுத்திக்கோ."

அவள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க விடக் கூடாது என்று தாய்மாரிடம் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் குழாயடியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துச் சீவினாள். பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் வைத்திருந்த சாயிரா, கிழிந்த சட்டைகளை வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

"உங்க சாமி பள்ளிக்கூடமா இருந்தா என்ன? பொத்தான் இல்லாத சட்டையில எம்புட்டுப் பிள்ளைய நிப்பாட்டுவீங்க?" என்று திட்டிக்கொண்டேதான் தைத்தாள்.

துரைமார் வந்தார்கள். மரியசூசைக்கு முகம் கறுத்துவிட்டது. கேமராக்காரர் சுற்றிப் பார்த்து, பிலோமினாவைக் காட்டி, வெளியே சாக்கடை ஓரம் உட்காரச் சொன்னார். ரோசம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாக்கடையில உக்காருத பிள்ளை இங்க கிடையாது. புஸ்தகத்தோட எடுக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா என்னைய எடுக்கட்டும்."

துரை சிரித்துவிட்டுப் பிள்ளைகளைப் புத்தகத்தோடேயே படம் பிடித்தார். மரியசூசை சிரிக்கவில்லை. அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

"இருந்த வேலையும் போச்சே" என்றான் புருஷன் சேசுராஜ்.

"போனாப் போகுது. நாளைக்கு பிலோமினா கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?"

தோலுக்கு உப்புப் போடும் வேலைக்குப் போனாள். உப்பில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து எரிந்தது. ஆனால் அந்த வாரமே தாய்மார் ஒருவரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வாத்தியார் காலிப் பாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பங்குச் சாமியாரே சந்துக்குள் குனிந்து நுழைந்து வந்து, "வாம்மா" என்றார்.

"வாறேன் சாமி. இனி எவரும் பிள்ளைகளப் பாவமாக் காட்டக் கூடாது. அதச் சொல்லுங்க, வாறேன்."

அவர் தலையசைத்தார்.

மரியசூசை அதன்பிறகு அவளோடு பேசவே இல்லை. பால்பவுடரும் குறைந்துதான் வந்தது. பால் போதாத நாட்களில் தாய்மார் ஆளுக்கொரு பிடி அரிசி கொடுத்தார்கள். ரோசம்மா கஞ்சி காய்ச்சினாள். அது அடிப்பிடித்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் விடமாட்டாள்.

"குடிலே. நம்ம வீட்டு அரிசில்லா."