தகரத்துக்கு அடியில் கட்டிய பானை

“உனக்கு வேற வேலையே இல்லையாடி? வீட்டைக் கட்டுனோமா, குடி போனோமான்னு இல்லாம, கெழவி வாயைக் கிண்ட வந்துட்ட!”

புது வீட்டில் குருவிக்குப் பானை கட்டப் போனாள் பேத்தி. கூரைக்கு அடியில் வேண்டாம், ஒரு முழம் இறக்கி நிழலில் கட்டு என்றேன். அதற்குத்தான் ஏன், ஏன் என்று என்னை அரித்தாள். திட்டினாலும் போகவில்லை. சொன்னேன்.

மலாய் நாட்டுக்குச் சப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னால், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட லயத்து வரிசை வீடுதான். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள். பெற்ற இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் கூரையில் சிட்டுக்குருவி கூடு கட்டியது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் குருவி பொரித்துப் பறந்தால் பிள்ளை தங்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அவள் அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்றாள்.

அந்த நேரம் பார்த்துத் துரை புது லயம் கட்டினார். பலகைச் சுவர், தகரக் கூரை. பழைய லயத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவள் மட்டும் கூரையைப் பார்த்து அழுதாள்.

“அக்கா, அதுங்க எங்கக்கா போகும்?”

“துரை பங்களாவுக்குப் போகும். அங்க நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. அழுவாதடி, நான் பாத்துக்கறேன்.”

புது லயத்தில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சீனத் தச்சர் பலகை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டு மூலையில் மட்டும் ஒரு சாண் விடச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாயில், “புரோங் பூஞா ரூமா” என்றேன், குருவியோட வீடு என்று.

“அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் விட்டார்.

ஓட்டை விழுந்த குழம்புப் பானையை அந்தச் சந்தில் கட்டினேன். பூனைக்கு எட்டக் கூடாதென்று தகரத்தோடு ஒட்டி, உயரத்தில். அத்தாப்பில் அப்படித்தான் கட்டுவோம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் குருவிகள் வந்தன. பிரித்துப் போட்ட பழைய அத்தாப்பின் நாரையே பொறுக்கி வந்து பானைக்குள் திணித்தன. முட்டையிட்டன, பொரித்தன. குஞ்சுகள் கத்தும்போதெல்லாம் அவள் வயிற்றைத் தடவிக்கொள்வாள்.

பிறகு மழை நின்றது. பகலில் தகரம் டக் டக்கென்று வெடித்தது. ஒரு நாள் மத்தியானம் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். சத்தமே இல்லை. முக்காலி போட்டு ஏறிக் கையை விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் சுட்டது பானை. மூன்று குஞ்சும் வாயைத் திறந்தபடியே கிடந்தன. துணிக்கொடியில் தாய்க்குருவி, வாயில் புழுவோடு.

வாழையடியில் புதைத்துவிட்டுக் கை கழுவும்போது அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள்.

“என்னக்கா, சத்தத்தையே காணோம்?”

“பறந்துடுச்சுங்கடி! உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்துச்சுங்க. நீ குளிச்சிக்கிட்டிருந்த. வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிடுச்சுங்க.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு சிரிப்பு கிடைத்தால் போதாதா என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பெண் பிறந்தது. அப்போதும் மழை இல்லை. ஏழாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. அன்று மாலை விளக்கேற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுவாரம் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“குருவி பொரிச்சுப் பறந்த வீடு. அங்கயே தங்கலன்னா வேற என்ன? அவ வயிறே அப்படி.”

“அவ கையால ஒண்ணும் வாங்காதீங்க.”

வாளியோடு அவளும் அங்கே பின்னால்தான் நின்றிருந்தாள். திரும்பிப் போகவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை. குருவி பறந்தது என்று நான் சொன்னதால் குற்றம் முழுக்க அவள் தலையில் ஏறிக்கொண்டது.

நான் குடத்தைக் கீழே வைத்தேன். ஏதோ கேலி செய்யப்போகிறேன் என்று எல்லாரும் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள்.

“குருவி பறக்கல. தகரச் சூட்டுல வெந்து செத்துச்சுங்க, மூணும். பானையை அங்க கட்டுனவ நான். பறந்துடுச்சுன்னு சொன்னவளும் நான். அதே தகரத்துக்குக் கீழதான் இவ புள்ளயும் ஏழு நாள் கெடந்துச்சு. ஏசணும்னா என்னை ஏசுங்க. அவளுக்கு வழி விடுங்க, தண்ணி புடிக்கட்டும்.”