மங்கலாக வந்த கழுத்துப் படம்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவருக்குச் 'சிலை' என்று பட்டப்பெயர். அடுத்தவர்களை அசையாமல் இருக்கச் சொல்வதே அவர் பிழைப்பு. சொல்லிச் சொல்லி அவர் முகமும் அப்படியே ஆகிவிட்டது. படத்தில் எது தெரிந்தாலும் வெளியே வந்து, "டாக்டர் சொல்வாங்க" என்பார். தனக்குக் குழந்தை பிறந்த செய்தியைக்கூட அதே முகத்தோடுதான் சொன்னார் என்று வீட்டில் இன்னும் பேச்சு உண்டு.

கழுத்து ஸ்கேன் வந்தால்தான் அவருக்கு உயிர் போகும். முழங்கால் பாவம், வைத்த இடத்தில் கிடக்கும். கழுத்து அப்படியா? எச்சில் விழுங்கினாலே படம் கலங்கிவிடும். "விழுங்காதீங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு, அந்த நொடியே எச்சில் ஊறும். அதனால் அவர் அதைச் சொல்வதையே விட்டுவிட்டார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து அறையிலிருந்து மைக்கில், "இப்ப நல்லா விழுங்கிக்கோங்க" என்பார். இயந்திரத்தின் சத்தம் தொடங்கியதும் வாயே திறக்க மாட்டார். அவர் எடுக்கும் கழுத்துப் படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி கழுத்துதான் அவரே எடுத்த இரண்டு தடவையும் மங்கலாக வந்து தொலைத்தது.

அவள் தையல்காரி. கொஞ்ச நாளாக விரல்கள் மரத்துப்போய் ஊசி கையில் நிற்பதில்லை. அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தண்டுவடம் நசுங்கியிருக்கான்னு இதுல தெரியலை. நசுங்கியிருந்தா உடனே ஆபரேஷன், இல்லேன்னா கை போனது போனதுதான். நசுங்கலைன்னா கழுத்தைத் தொடவே வேண்டாம். எனக்குத் தெளிவான படம் வேணும்."

மூன்றாவது தடவை சிலை அவள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தார், தலைக்கு இருபுறமும் பஞ்சுத் திண்டு கொடுத்தார். சத்தம் தொடங்கியது. இந்தத் தடவை திரையை விட்டுவிட்டு, கேமராவில் அவளையே பார்த்தார்.

"பயப்படாத, சரியா?" என்றார் மைக்கில். அவள் தலை மெல்ல ஆடியது.

"இன்னும் கொஞ்சம்தான், சரியா?" மறுபடியும் ஆடியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊராரிடம் வாய் திறக்காதவர், இவள் உள்ளே போனதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்.

"ஏன் தலையாட்டுற?"

"சரியான்னு கேட்டீங்களே?"

"வீட்ல நான் கேட்டு என்னைக்காவது ஆட்டியிருக்கியா?"

"வீட்ல என்னைக்கு இப்படி அக்கறையாக் கேட்டீங்க?"

சிலை அவள் தலையை மறுபடி திண்டுகளுக்கு நடுவில் நேராக வைத்தார். திரும்பி வந்து மைக்கை அணைத்தார். நம்பிக்கை இல்லாமல் வாயையும் கையால் பொத்திக்கொண்டார்.

அவர் இத்தனை வருஷத்தில் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான். தண்டுவடத்தை ஒட்டி வெள்ளையாக இறங்கி வரும் நீர்க்கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அங்கே தண்டுவடம் வளைந்து நசுங்கிக் கிடந்தது. இவ்வளவு தெளிவாக வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவர் உள்ளே போனதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன தெரியுது?"

"டாக்டர் சொல்வாங்க."

"டாக்டர் கிடக்கட்டும். ஆபரேஷனா?"

சிலையின் தலை தானாக ஆடியது. கண்ணும் நிறைந்துவிட்டது. அவள் மரத்துப்போன விரல்களால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். ஈரம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"பண்ணிக்கலாம். பயப்படாதீங்க, சரியா?"

அவர் மறுபடியும் தலையாட்டினார்.