விருந்தாளிக் கணக்கு

தப்பான விடையைப் பார்த்தால் ஜெனிட்டா டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பொத்தேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தார். கல்லூரி மாணவர்கள் நகல் எடுக்கக் கொடுக்கும் நோட்டில் கணக்கு தப்பாக இருந்தால் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவார். கடைக்காரர் ஆபிரகாம், "யம்மா, தப்பா இருந்தாலும் தெளிவா காபி எடுத்துக் குடுக்குறதுதாம்மா நம்ம தொழிலு" என்பாராம்.

போன ஜூனில் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக வந்தார். டிசம்பர் வரைதான் வேலை. ஆய்வுக்கு வரும் அதிகாரி நல்லபடியாக எழுதினால்தான் ஏப்ரல் வரை நீட்டிப்பார்கள். என் தம்பி ரோஹித் அவரிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இதில் பாதி அவன் சொன்னது, மீதி டீச்சரிடமே கேட்டது.

சில வீடுகளில் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் தட்டு இருக்கும். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது: x + 7 = 12. லேமினேட் செய்த அட்டையில், பீரோவுக்குள். ஆய்வு என்றால் மட்டும் வெளியே வரும். நானும் அங்கேதான் படித்தேன். என் காலத்திலும் இதே அட்டை, இதே ஏழு.

தலைமையாசிரியர் சடையப்பன் சொல்லிவிட்டார்: "இன்னா டீச்சர், ஆயிரம் கணக்கு வேணாம். ஒரு கணக்க ஆயிரம் வாட்டி நடத்துங்க. ஆபீசரு கேட்டா கணீர்னு வரணும்."

வேலை வேண்டுமே. டீச்சரும் ஒரு வாரம் அதையே நடத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் கேள்வி முடியும் முன்பே விடை வந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பொன்னி என்ற பெண் பலகையில் இரண்டு பக்கமும் ஏழைக் கழித்து, x = 5 என்று எழுதினாள். அதிகாரி எழுந்து ஏழை அழித்து ஒன்பது போட்டார். "இப்போ எக்ஸ் எவ்வளவு?"

முப்பது பேரும் சேர்ந்து, "அஞ்சு!"

"வெரி குட்" என்று அதிகாரி கைபேசியைத் தட்டினார். அதில் மூன்று கேள்விகள். அட்டை பயன்படுத்தப்பட்டதா? மாணவர்கள் உற்சாகமாகப் பதில் சொன்னார்களா? பாடம் நேரத்துக்கு முடிந்ததா? விடை சரியா என்று ஒரு கேள்வி இல்லை. முதல் இரண்டுக்கும் ஆம். மணியடிக்க இரண்டு நிமிடம். டீச்சர் பேசாமல் நின்றிருந்தால் ஏப்ரல் வரை வேலை உறுதி.

"சார், அது தப்பு சார்" என்றார்.

அதிகாரி பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர், பேசாதே என்று கண்ணைக் காட்டினார். டீச்சர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"பொன்னி, அஞ்சும் ஒன்பதும் எவ்ளோ?"

"பதினாலு டீச்சர்."

"போர்டுல?"

"பன்னெண்டு."

ரோஹித் எழுந்துவிட்டான். "போன வாரம் ஃபுல்லா அஞ்சுதானே டீச்சர் இருந்துச்சி? இப்ப இன்னாத்துக்கு மாத்துறீங்க?"

"குந்துடா, பெரிய வக்கீலு" என்றாள் பொன்னி. மணியடித்தது. அவள் நகரவில்லை. இரண்டு பக்கமும் ஒன்பதைக் கழித்தாள். "மூணு! டீச்சர், மூணு போட்டா கரெக்டா வருது!"

அதன்பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. பதினொன்று போடுங்கள், நான்கு போடுங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். இருபது நிமிடம் போனது. அதிகாரி, பள்ளியில் கொடுத்த இளநீரைக் குடித்து முடித்து, மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று தட்டிவிட்டு மாமல்லபுரம் பக்கம் அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார்.

"ரெண்டு நிமிசம் வாய மூடிகினு இருந்தா வேலை நெலச்சிருக்கும். எத்தினி வருசமா ஓடிகினு கீது அந்தக் கணக்கு!" என்றார் தலைமையாசிரியர்.

"பதினாலு எப்படி சார் பன்னெண்டாவும்?"

"ஆபீசருக்கே ஆச்சே டீச்சர்!"

உத்தரவு வந்தது. ஏப்ரல் வரை இல்லை, பிப்ரவரி வரைதான். அதற்குள் செங்கல்பட்டில் ஐந்து நாள் பயிற்சிக்கும் போக வேண்டும். தலைப்பு: பாடத்தை நேரத்துக்கு முடிப்பது எப்படி?

போய்விட்டு வந்தார். அந்த ஐந்து நாளும் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஆள் இல்லை. பதிவேட்டில் ஐந்து நாளும் பாடம் நேரத்துக்கு முடிந்திருக்கிறது.