பூட்டிய வீட்டிலிருந்து ஒரு ஹாஜர்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசைவீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயார்செய்ய, கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு மலையாளி டீச்சர் பஸ் ஏறி வருவார். நான் அறையைக் கூட்டி, கட்டன்சாயா போட்டு, ஹாஜர் புத்தகத்தில் வந்தவர்களுக்குக் குறி போடுவேன். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராதவர்களின் பெயரைப் பரீட்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதற்குப் பயந்தே காய்ச்சலோடும் வருவாள். "இந்தப் பரீட்சை எழுதலன்னா கட்டிக்குடுத்துருவேன்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவள் பெரியவளானாள். பதினாறாம் நாள் சடங்கு வரை யார் கண்ணிலும் படக் கூடாது.

மறுநாள் டீச்சர் பழக்கத்தில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

"ஹாஜர் டீச்சர்."

குரல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடு. லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. மேலே ஒரு முழம் இருட்டு. பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பேய்க்கும் பத்தாங்கிளாஸ் பாஸாவணுமாக்கும்" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டின் பின்வாசலில் அரிவாளும் வேப்பிலையும். கதவிடுக்கில் அவள் கண்.

"வீட்ல ஒத்த ரூம்தானக்கா. அதான் அம்மா இங்க உக்கார வச்சிருக்கு. என் பேரு இருக்கும்லா?"

டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"கேட்டுப் படிக்குதுல்லே, அது போதும். ஹாஜர் போடுங்க சேச்சி."

அடுத்த ஞாயிறு மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் சுவருக்கு மேலிருந்து பதில் வந்தது. கொஞ்சம் தாமதமாக, தொண்டை காய்ந்த குரலில். குறி போட்டேன்.

மூன்றாம் ஞாயிறு சடங்கு. அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பதில் இல்லை. அவள் பெயருக்கு நேரே சுழி போட்டேன்.

நான்காம் ஞாயிறு எல்லோருக்கும் முன்பாக வந்து என் பக்கத்தில் நின்றாள். முகம் மெலிந்திருந்தது.

"என் பேர எடுத்துட்டாங்களாக்கா?"

"ஏன் எடுக்கணும்? ஒரு வாரந்தானே வரல."

"ரெண்டு வாரம்க்கா. சடங்குக்கு முந்துன ஞாயித்துக்கெழம எனக்குக் காய்ச்சல். அம்மா என்னைய விதுர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. அந்த வீட்ல யாருமே இல்ல."

டீச்சர் பரீட்சை விண்ணப்பங்களை எடுத்து வைத்தார். "ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல வராம முடங்கினது யாராவது உண்டா சேச்சி?"

ஹாஜர் புத்தகம் என் மடியில் திறந்திருந்தது. அந்த ஞாயிற்றின் கட்டத்தில் என் கையால் போட்ட குறி. சுவரின் மேல் இடைவெளியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்ல டீச்சர்" என்றேன்.