திரை கறுக்கக் கூடாது

என் தம்பி ஜெயித்தவை இவை. ஆறு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இவன் நடக்க மாட்டான் என்று சொன்ன டாக்டரின் படிகளை, அடுத்த வருடமே தானாக ஏறிப் போனான். கேரம் போட்டியில் இடது கையால் ஆடி, நகரத்திலேயே முதல் பரிசு வாங்கினான். "இவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டவரே அவனுக்கு மாமனாரானார். பெரிய திரைகளை வாடகைக்கு விடும் நிறுவனத்தில் கேபிள் சுருட்டச் சேர்ந்து, திரையை இயக்கும் ஆப்பரேட்டராக உயர்ந்தான். எதற்கும் யாருடைய சிபாரிசும் இல்லை. அக்கா என்பதால் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

வேலையிடத்தில் அவனைச் 'சுவிட்சு' என்பார்கள். கூட்டமோ கல்யாணமோ, எங்கே போனாலும் முதலில் சுவிட்சுப் பெட்டி எங்கே என்றுதான் தேடுவான்.

அந்தத் தொழிலில் திரை கறுப்பதைப் போல அவமானம் வேறில்லை. மேடையைக் காட்டும் கேமராப் படம் நின்றால், இயந்திரம் தானாகவே ஒரு படத்தை ஓட்டும். அதற்கு 'நிரப்பு' என்று பெயர். பெரும்பாலும் அது செலவை ஏற்ற நிறுவனத்தின் விளம்பரமாகத்தான் இருக்கும்.

துணி ஆலை தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகு, பெரிய மைதானத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பந்தல், மேடை, திரை எல்லாமே ஒரு குளிர்பான நிறுவனத்தின் செலவு. கூட்டத்துக்கு முன்னால் தம்பி மேலாளரிடம் கேட்டிருக்கிறான்.

"சார், இன்னைக்கு நிரப்பு வேணாமே. கறுப்பாவே இருக்கட்டும்."

"கறுத்தா குளிர்பானக்காரன் என் தலையில ஏறி உக்காருவான். நிரப்பு இருக்கணும்னு சொல்லித்தான் செலவு பண்றாங்க. கேமரா ஒழுங்கா வந்தா அது ஏன்டா ஓடப்போகுது?"

"வரலன்னா சார்?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்ற நேரத்தில் யார் காலிலோ இடறி கேமரா கேபிள் கழன்றது. மேடையில் ஒரு அம்மா, மகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலைக்கு மேலே திரையில் நீச்சல் குளம், ஆட்டம், நுரை பொங்கும் பாட்டில், மேளச் சத்தம். நானும் கூட்டத்தில்தான் இருந்தேன். தம்பி திரையை அணைக்கவில்லை. குனிந்து, கழன்ற கேபிளைத் தேடிக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடப் பழக்கம். கேமராப் படம் திரும்பி வந்தபோது அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினான்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சாப்பாடு போடு."

போட்டதைச் சாப்பிட்டான். அவன் மனைவி என்னிடம், "திட்டினாலாவது பரவாயில்ல அண்ணி, சுவத்தையே பாக்குறாரு" என்றாள். எனக்கும் அழுகை வரவில்லை. மரத்துப்போன கால் போல இருந்தது மனசு.

மறுநாள் மேலாளர் தட்டச்சு செய்த காகிதத்தோடு வந்தார். "உனக்கு ஒண்ணும் ஆகாது சுவிட்சு. ஒரு மாசம் வீட்ல இரு, ஊர் வாய் அடங்கினதும் வந்துடு" என்றார். தம்பிக்குப் படிக்கத் தெரியும். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு வலது கை நடுங்கும், பேனா நிற்காது. எங்கும் கைநாட்டுத்தான். அதையும் எதிரில் இருப்பவரே விரலைப் பிடித்து ஒற்றிக்கொள்வார். வங்கியிலும் கல்யாணப் பதிவிலும் அப்படியே நடந்தது. மேலாளரும் பிடித்து ஒற்றினார். தம்பி காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் செய்தித்தாளில் குளிர்பான நிறுவனத்தின் வருத்த அறிக்கை வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். திரை நிறுவனத்துக்கும் விளம்பரதாரருக்கும் தெரியாமல் ஆப்பரேட்டர் தன் இஷ்டத்துக்கு ஓட்டிவிட்டார், அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று இருந்தது.

"நீ வேணாம்னு சொன்னதானே?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா விரலைக் குடுத்த?"

"அவர் பிடிச்சாருக்கா. எல்லாரும்தான் பிடிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவனே, "அந்தம்மா இதைப் படிச்சிருப்பாங்களா?" என்றான். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

நகராட்சி விசாரணை வைத்தது. நானும் கூடப் போனேன். வராந்தாவில் மேலாளர், "புள்ளகுட்டிக்காரன், யோசிச்சுப் பேசு. ஒப்புக்கிட்டதை மாத்தினா வேலை இல்ல" என்றார்.

"சரி சார்" என்றான் தம்பி. எதற்குச் சரி என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே அதிகாரி அம்மா கேட்டதும், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான்.

"நிரப்பு வேணாம்னு நான் கேட்டேன். வைக்கச் சொன்னது எங்க மேலாளர். வெச்சே ஆகணும்னு கேட்டது குளிர்பானக்காரங்க. எந்த மாதிரிக் கூட்டம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஓட ஆரம்பிச்சதும் நான் அணைச்சிருக்கலாம், அணைக்கல. அது என்னோட தப்பு. மத்தது அவங்களோடது."

அதிகாரி எழுதி முடித்து, படித்துக் காட்டினார். மை டப்பாவைத் திறந்து, வழக்கம்போல அவன் விரலுக்குக் கை நீட்டினார். தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணாம்மா. பிடிச்சு வெச்சது ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. பேனா குடுங்க."

இடது கையால் எழுதினான். அந்தக் கையில் பேனா கொடுத்துப் பார்க்க வீட்டில் எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எழுத்துகள் மேலும் கீழுமாகப் போயின, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது. அவசரப்படவில்லை. அதிகாரி மை டப்பாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

சாயங்காலமே வேலை போய்விட்டது. குளிர்பான நிறுவனத்திடமும் மேலாளரிடமும் விளக்கம் கேட்டு நகராட்சி ஆள் அனுப்பியது. தம்பி அதைக் கேட்டுத் தலையாட்டினான், அவ்வளவுதான்.

அவன் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்தாகப் போட்ட நாள் 2019 நவம்பர் 6, புதன்கிழமை.