வழியில் வீணாகாத கரண்ட்

போன கோடையில், நான் பிறந்த காத்திவாக்கம் மீனவர் குப்பத்துக்கு என் ஆராய்ச்சியைக் காட்டப் போனேன். சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது.

மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் திரவ நைட்ரஜனை ஊற்றி, மீகடத்தி (சூப்பர் கண்டக்டர்) எனப்படும் ஒரு கறுப்புப் பீங்கான் வில்லையைக் குளிரவைத்தேன். அதன்மேல் வைத்த காந்தம் அந்தரத்தில் மிதந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சாதா ஒயர்ல எலக்ட்ரானுங்க முட்டிக்கினு போறதால கரண்ட்டு வழியிலயே சூடாகி வீணாவுது. இதுக்குள்ள ஜோடி சேந்துகினு முட்டாம போவுதுங்க. உலோகத்துல அப்டி சேரணும்னா இன்னும் பயங்கர குளிரு வேணும். இது இந்தக் குளிருக்கே எப்படி சேருதுன்னுதான் பாத்துகினு கீறேன்" என்றேன்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் நின்றன. ஜன்னலுக்கு வெளியே நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. எங்கள் கூரைகளுக்கு மேலே பெரிய மின்கம்பிகள் நகரத்தை நோக்கிப் போயின.

இறால் விற்கும் தேவி அக்கா எழுந்தார். "வழியில வீணாவுதுன்னு இம்மாம் கவலப்படுறியே கண்ணு, வழியில கீற எங்களுக்கு ஏன் வர்லன்னு எவனாச்சும் ஆராய்ச்சி பண்றானா?"

சாம்பலை எங்கள் தலையில் கொட்டிவிட்டு வெளிச்சத்தை மட்டும் கொண்டுபோகிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வில்லைக்குள் எலக்ட்ரான்கள் ஏன் ஜோடி சேருகின்றன என்று உலகத்தில் யாருக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது. எங்கள் குப்பத்தில் மட்டும் ஏன் கரண்ட் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.