பனிமலைக்குப் போன துறைமுகத்துக் கலாசி

ராயபுரம் பனைமரத்தொட்டிப் பக்கம் குடியிருந்த சௌக்கத் அலிக்கு ஐஸ் என்றால் மீன்மேல் உடைத்துக் கொட்டுகிற சமாச்சாரம், அவ்வளவுதான். துறைமுகத்தில் அவனுக்குக் கலாசி வேலை. வந்து நிற்கும் கப்பல்களின் கொடிமரத்தில் ஏறுவான், சரக்கு தூக்கும் கம்பத்தின் நுனியில் கப்பி மாட்டுவான், நைந்த கயிற்றை மாற்றுவான். அத்தனை உயரத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பீடி பிடிக்கிற ஆள். கீழேயிருந்து பார்ப்பவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் கோடை தணிகிற நேரத்தில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. சரக்காக வந்த காகிதச் சுருள்களோடு நாலு வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய மரப்பெட்டிகளும் வந்திறங்கினார்கள். நேபாளத்தில் மலை ஏறப் போகிறவர்கள். பெட்டிகளை இறக்கும்போது கயிறு கப்பிக்குள் இறுகிச் சிக்கிக்கொள்ள, மொத்த சரக்கும் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. மேஸ்திரி கத்துவதற்குள் சௌக்கத் கம்பத்தின்மேல் ஊர்ந்துபோய், கால்களால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, இரும்பு முளையால் நெம்பிக் கயிற்றை விடுவித்தான். பெட்டிகள் பத்திரமாகத் தரைக்கு வந்தன.

கூட்டத்தின் தலைவன் ஹென்ரிக், சிவப்புத் தாடிக்காரன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். சௌக்கத் இறங்கியதும் துறைமுக குமாஸ்தா மூலம் கேட்டான்: இந்த ஆள் இந்துஸ்தானி பேசுவானா? பேசுவான். பம்பாய், கல்கத்தா கலாசிகளோடு பழகிப் பழகி வந்த இந்துஸ்தானி. அப்படியென்றால் மூட்டை முடிச்சுகளுக்குப் பொறுப்பாக, சுமைகாரர்களிடம் பேசுவதற்கு எங்களோடு வருவானா?

வீட்டில் ரஹீமுன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மல மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. பனிதான்."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கா இத்தினி தூரம்? அப்ப சரி, போய்ட்டு வா. எதுனா இருந்தாதான் பயம், அத்தப் பாத்துகினு அங்கியே தங்கிடுவ."

ஒரு டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று சௌக்கத் அதை ரயிலில் ஒளித்தே வைத்திருந்தான். நேபாள எல்லையோர ஸ்டேஷனான ஜோக்பனியில் இறங்கி நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே ஹென்ரிக் மோப்பம் பிடித்துவிட்டான். அவர்கள் ஊரே கருவாட்டு ஊராம். அடிவார முகாம் போய்ச் சேருவதற்குள் டப்பா காலி.

அங்கேதான் சௌக்கத்துக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஒரு நாள் ஹென்ரிக் அவனையும் கயிற்றில் கட்டி மேல்முகாமுக்கு அழைத்துப் போனான். வழியில் கத்தி முனைபோல ஒரு பனி விளிம்பு. கொடிமரத்தில் பிடித்துக்கொள்ள இரும்பு இருக்கும், கீழே தெரிந்த முகங்கள் இருக்கும். இங்கே கால் வைத்த இடமே பொடிந்து உதிர்ந்தது. இரண்டு பக்கமும் வெறும் மேகம். சௌக்கத் குப்புறப் படுத்துப் பனிக்குள் இரண்டு கைகளையும் புதைத்துக்கொண்டான். முன்னால் போனவர்கள் "வா, வா" என்று கத்தினார்கள். கத்தக் கத்த உடம்பு இன்னும் விறைத்தது. கடைசியில் தவழ்ந்தே பின்வாங்கி, முகாமுக்கு வந்து வாந்தி எடுத்தான். ஷெர்பா பாசாங் வெந்நீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டான்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் முதலில் சொன்னதே அதுதான். "பயந்துட்டேன் ரஹீமு."

"நீயா?" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப இனிமே போவமாட்ட."

"போவணும். கப்பல்ல எனுக்கு ஒரு நாளும் அப்பிடி ஆனதில்ல. அது இன்னான்னு பாக்கணும்."

பார்த்தான். மறுவருஷம் ஹென்ரிக்கின் நண்பர்கள் வந்தபோது போனான். ஐம்பத்துநாலில் விடுப்பு எடுத்துக்கொண்டு டார்ஜிலிங் போய், மலையேற்றம் கற்றுத்தரும் இடத்தில் சேர்ந்தான். பனிக்கோடரியால் படி வெட்டுவது, விழுகிறவனைக் கயிற்றில் நிறுத்துவது, காற்று குறைந்த உயரத்தில் ஆளின் முகத்தைப் பார்த்தே உடம்பைக் கணிப்பது, எல்லாம் படிந்தது. கடைசியாகச் சொன்னது அவனுக்குச் சுலபம். கப்பலிலிருந்து வாந்தியும் தலைசுற்றலுமாக இறங்கிய பயணிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். பயம் மட்டும் போகவில்லை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டே நடக்கப் பழகினான்.

பனிமலைக் கதை ராயபுரத்தில் பரவியது. அதைக் கேட்டுத் தேடி வந்தவர் தேவப்பிரியம். நாசரேத்துக்காரர், பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர், முப்பத்தாறு வயது, தனி மனுஷி. தினமும் விடியலில் கடலோரமாகத் திருவொற்றியூர் வரை நடந்து திரும்புகிறவர்.

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா? பொம்பளைன்னு யோசிக்காதீங்க."

"அத்த யோசிக்கல டீச்சரம்மா. பொடவைய யோசிச்சேன்."

அடுத்த வாரமே அவர் தையல்காரரிடம் முரட்டுத் துணியில் ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் வெள்ளத்துரை. டோல்கேட்டில் புளி மொத்த வியாபாரம், தொந்தி, ஓயாத வாய். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் இளைக்கச் சொல்லியிருந்தார். "நடந்து இளைக்கறதுக்கு ஏறியே இளைச்சிருவோமே" என்று வந்து சேர்ந்துகொண்டார்.

அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை மூவரும் மணலில் நடந்தார்கள். ஆளுக்கொரு புளி மூட்டை முதுகில். வலை உலர்த்திக்கொண்டிருந்த குப்பம்மா என்ற கிழவி ஒரு நாள் மறித்தாள்.

"இன்னா நைனா, கட தொறக்கப் போறீங்களா?"

"மல ஏறப் போறோம் ஆத்தா" என்றான் சௌக்கத்.

"இங்க ஏதுடா மல?"

"அதுக்குதான் ஆத்தா, இருக்கிற எடத்துக்குப் போறோம்" என்றார் வெள்ளத்துரை, மூச்சிரைக்க.

ஐம்பத்தாறு அக்டோபரில் சௌக்கத் தலைமை தாங்கிய முதல் பயணம் புறப்பட்டது. டீச்சர், அண்ணாச்சி, உதவிக்குப் பாசாங், சில சுமைகாரர்கள். கிழக்கு நேபாளத்தில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சின்னச் சிகரம். வழி நெடுக வெள்ளத்துரை பேசினார். சுமைகாரர்களுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

உச்சிக்குப் போகும் நாளன்று வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பாசாங்கும் டீச்சரும் ஒரு கயிற்றில் முன்னால், சௌக்கத்தும் அண்ணாச்சியும் மற்றொரு கயிற்றில் பின்னால். பனி விளிம்பின் பாதியில் சௌக்கத்துக்கு ஏதோ குறைவதுபோல இருந்தது. காது கொடுத்துக் கேட்டான். அண்ணாச்சியின் பேச்சு நின்றிருந்தது.

திரும்பினால் அவர் குந்தியபடி கோடரியைக் கட்டிப் பிடித்திருக்கிறார். உதடு வெளுத்திருக்கிறது.

"ஏலாதுடே" என்றார், காற்றில் கேட்டும் கேட்காத குரலில். "முன்னயும் ஏலாது, பின்னயும் ஏலாது."

சௌக்கத் அவரை வா என்று கூப்பிடவில்லை. தன் கோடரியை ஆழக் குத்தி, இருவர் கயிற்றையும் அதில் சுற்றிக் கட்டிவிட்டு, அவர் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்தான், ஏதோ காசிமேட்டுப் படகடியில் குந்துவதுபோல.

"அண்ணாச்சி, ரொம்ப நாளா கேக்கணும்னு. கொட்டப் புளி நல்லதா, கொட்ட எடுத்த புளி நல்லதா?"

அண்ணாச்சி கோடரியை இன்னும் இறுக்கினார்.

"எங்க வூட்ல பழைய புளிதான் வேணும்ன்றா. கறுப்பா கீறதுதான் ருசியாம்."

"யாரு சொன்னா?" வெள்ளத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. "ரசத்துக்குப் புதுப் புளி, மீன் குழம்புக்குப் பழசு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா நாசமாப் போச்சு. உப்புப் போட்டு மிதிச்சு வச்சிருக்கணும்..."

"மிதிக்கிறது எப்பிடி? வெறுங்காலாலயா?"

"குதிகாலாலடே, அழுத்தி..."

"இந்தப் பனியில மிதிச்சிக் காட்டு அண்ணாச்சி."

அவர் குதிகாலை அழுத்திக் காட்டினார். பனி நின்றது. அடுத்த காலையும் அழுத்தினார். அதுவும் நின்றது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. ஆனால் அந்தக் கால்கள் இன்று கீழே போகத்தான் சரிப்படும், மேலே போவதற்கு இல்லை என்று சௌக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. உச்சி கண்ணெதிரே இருந்தது. தான் தலைமை தாங்கிய முதல் மலை. ஒரு தரம் அதை நிமிர்ந்து பார்த்தான். பிறகு முன்னால் நின்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"பாசாங், டீச்சரம்மாவ இட்டுகினு மேல போ! நாங்க எறங்கறோம்!"

"நீங்க வரலையா?" என்று கத்தினார் தேவப்பிரியம்.

"நீ போம்மா! நின்னுகினு இருந்தா குளிர் புடிச்சிக்கும்!"

இறங்கும் வழியெல்லாம் புளிதான். சேலத்துப் புளி, திண்டுக்கல் புளி, பெட்டியில் அடைக்கும் புளி. முகாமுக்கு வந்ததும் வெள்ளத்துரை சௌக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பசிக்கிறது என்றார். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சௌக்கத் நிமிர்ந்தபோது, சிகரத்தின் வெள்ளையில் இரண்டு புள்ளிகள். ஒன்று கையில் சிவப்பாக எதையோ பிடித்து ஆட்டியது. டீச்சரின் கழுத்துத் துணி. அவனும் கரண்டியை ஆட்டினான். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்ததென்னவோ சிரிப்புத்தான். முகாம் முழுக்கக் கேட்கும்படி ஹோவென்று கூவினான்.

டோல்கேட் கடையில் வெள்ளத்துரை இந்தக் கதையை மறைக்கவில்லை. தன் பயத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "பயந்தவன விட்டுட்டு மேல போறவன் இல்லடே அவன். உக்காந்து கதை கேட்டான்!" அதைக் கேட்டுத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேவப்பிரியத்தின் தோழிகளான இரண்டு டீச்சர்கள், பிறகு கடைக்கு வந்த யாரோ சொல்லக் கேட்டு இலங்கையிலிருந்து மூன்று வாலிபர்கள். பயந்தால் கேவலமில்லை என்று சொல்கிற வழிகாட்டி என்றால் வீட்டிலும் சுலபமாக விட்டார்கள். வருஷத்தில் மீதி நாளெல்லாம் சௌக்கத் துறைமுகத்தில்தான். கப்பல் கம்பத்தின் உச்சியில் அவன் இருக்கும்போது கீழே கலாசிகள், "இன்னா மாமு, மேல குளுருதா?" என்பார்கள்.

ஐம்பத்தெட்டில் இலங்கைக்காரர்களோடு அதே சிகரத்துக்குப் போனபோது அவன் உச்சியில் நின்றான். அண்ணாச்சியும் உடன் வந்திருந்தார். ஏறுவதற்கல்ல. அடிவார முகாமின் சமையலும் சாமான்களும் இனி தன் பொறுப்பு என்று அவரே எடுத்துக்கொண்டார். கீழே வந்த வாலிபர்களுக்குச் சூடாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்கள் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறீங்கள்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

வெள்ளத்துரை கரண்டியால் அந்த விளிம்பைக் காட்டினார். "அந்தா, அது வரைக்கும். அங்கன உக்காந்து ஒரு மணி நேரம் பேசிட்டு வந்தேன். அப்படி ஒரு காத்து, வேற எங்கயும் கிடைக்காதுடே."

சௌக்கத் ஈரக் கயிறுகளைப் பாறைமேல் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு தம்ளர் ரசம் கேட்டுக் கையை நீட்டினான்.